கவனிக்க ஐடி ஆள் இல்லாத கணினிகளுக்கு இன்ஸ்டாலர் தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகச் செயலி எழுதி, அதை நிறுவித் தரும் நிரலான இன்ஸ்டாலரோடு முதன்முறையாக வெளியாட்களுக்குக் கொடுப்பவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பில்லிங், நூலகப் பதிவேடு, எழுத்துரு மாற்றி என்று செயலி மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் பற்றியவையே அதிகம். மேக் பற்றி ஒரு கேள்வி உண்டு.

அன்மேனேஜ்டு கம்ப்யூட்டர்னா என்ன? எல்லாமே விண்டோஸ்தானே?

பெரிய அலுவலகத்தில் எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, யாருக்கு என்பதை ஐடி துறை முடிவு செய்கிறது. இன்ஸ்டாலரை முதலில் அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு எல்லாக் கணினிகளுக்கும் தள்ளுகிறார்கள். சிக்கல் வந்தால் கூப்பிட ஓர் எண் இருக்கிறது. வீட்டு லேப்டாப், மளிகைக்கடை பில்லிங் கணினி, டியூஷன் சென்டரின் பழைய டெஸ்க்டாப் ஆகியவற்றுக்கு அப்படி யாரும் கிடையாது. அந்த மாதிரிக் கணினியைத்தான் அன்மேனேஜ்டு என்கிறோம்.

அங்கே என்ன பதிப்பு விண்டோஸ், என்ன ஆன்டிவைரஸ், எவ்வளவு இடம் மிச்சம், பயனருக்கு அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா என்று எதையும் நீங்கள் முன்கூட்டி அறிய முடியாது. ஐடி ஆள் செய்யவேண்டிய வேலை முழுவதும் உங்கள் இன்ஸ்டாலர் தலையில் விழுகிறது. குறைவாகக் கேட்பது, எதையும் ஊகிக்காமல் இருப்பது, போகும்போது சுத்தமாகப் போவது என்ற மூன்றும் கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஜிப் பண்ணி அனுப்பிட்டா போதாதா? எதுக்கு இன்ஸ்டாலர்?

ஒரே ஒரு கோப்பாக இருக்கும் சின்னக் கருவிக்குப் போதும். கூடவே டிஎல்எல் கோப்புகளும் (செயலி ஓடும்போது அழைக்கும் துணை நிரல்கள்) படங்களும் இருந்தால் போதாது. பல பேர் ஜிப்பைப் பிரிப்பதே இல்லை, அதைத் திறந்து உள்ளே இருக்கும் செயலியை அப்படியே டபுள் கிளிக் செய்கிறார்கள். விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டரில் எடுத்துப் போட்டு ஓட்டும். பக்கத்தில் இருக்கவேண்டிய கோப்புகள் அங்கே இருக்காது. செயலி விழும், பழி உங்கள் மேல் வரும்.

ஸ்டார்ட் மெனுவில் பெயர், செட்டிங்ஸில் நீக்கும் வழி, புதுப் பதிப்பு வந்தால் பழையதன் மேல் ஏறுவது ஆகியவையும் ஜிப்பில் கிடைக்காது.

இன்னோ, என்எஸ்ஐஎஸ், எம்எஸ்ஐ, எம்எஸ்ஐஎக்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுல பண்றது?

இவை இன்ஸ்டாலர் கட்டும் கருவிகளும் கோப்பு வடிவங்களும். தனிப்பட்ட பயனர்களுக்கு என்றால் இன்னோ செட்டப்பில் தொடங்குங்கள் என்பேன். ஜோர்டன் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்டது இன்றும் தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. ஸ்கிரிப்ட் படிக்க எளிது, வழக்கமான தேவைகளுக்கு அதன் இயல்பு அமைப்புகளே சரியாக இருக்கும். வின்ஆம்ப் தயாரித்த நல்சாஃப்டில் பிறந்த என்எஸ்ஐஎஸ் இன்னும் சிறிய கோப்பைத் தரும், ஆனால் ஒவ்வொன்றையும் நீங்களே எழுதவேண்டும்.

எம்எஸ்ஐ, ஆஃபீஸ் 2000 காலத்தில் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலரின் வடிவம். ஐடி துறைகள் விரும்புவது இதைத்தான். உங்கள் செயலியை நிறுவனங்களும் வாங்கப்போகின்றன என்றால் விக்ஸ் கருவியில் ஓர் எம்எஸ்ஐ கூடுதலாகக் கட்டுங்கள். எம்எஸ்ஐஎக்ஸ் சுத்தமாக நிறுவி சுத்தமாக நீங்கும், ஆனால் கணினி நம்பும் டிஜிட்டல் கையொப்பம் (கோப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் முத்திரை) இல்லாமல் டபுள் கிளிக்கில் நிறுவவே முடியாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகக் கொடுத்தால் மைக்ரோசாஃப்டே கையொப்பமிட்டுவிடும். அந்த வழிக்கு எம்எஸ்ஐஎக்ஸ் நல்ல தேர்வு.

அட்மின் பாஸ்வேர்டு கேக்காம இன்ஸ்டால் பண்ண முடியுமா?

முடியும். பெரும்பாலான செயலிகள் அப்படித்தான் செய்யவேண்டும். பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், அதற்குள் புரோகிராம்ஸ் என்ற இடத்தில் கோப்புகளைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அந்தப் பயனருக்கான பகுதியில் மட்டும் எழுதினால் எந்த அனுமதியும் தேவைப்படாது. குரோம் அட்மின் அனுமதி கிடைக்காதபோது பயனருக்கு மட்டும் நிறுவிக்கொள்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடும் 2018-இல் பயனர் அளவிலான இன்ஸ்டாலரைக் கொண்டுவந்தது. இன்னோவில் தேவையான அனுமதி என்ற அமைப்பை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றினால் போதும்.

இதற்கு இரண்டு விலை உண்டு. ஒரே கணினியில் நாலு பேர் இருந்தால் நாலு பிரதி ஆகும். அதோடு, பயனர் எழுதக்கூடிய ஃபோல்டரில் செயலி இருப்பதால் அதே பயனர் பெயரில் ஓடும் தீய நிரல் அதை மாற்றவும் முடியும். வீட்டுக் கணினிக்கு இந்த விலை சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் அட்மின் அனுமதி கேட்டு, பார்க்காமலே 'யெஸ்' அழுத்தும் பழக்கத்தை மக்களிடம் வளர்ப்பது அதைவிடப் பெரிய கேடு.

அப்போ எப்பதான் அட்மின் கேக்கலாம்?

டிரைவர், பின்னணியில் ஓடும் சர்வீஸ், எல்லாப் பயனர்களுக்குமான விசைப்பலகை போன்றவற்றுக்குக் கேட்டே ஆகவேண்டும். 'செயலியில் எங்கோ அட்மின் தேவைப்படுகிறது' என்று மட்டும் தெரிந்தால் எங்கே என்று தேடுங்கள். பல சமயம் அடுத்த கேள்வியில் இருக்கும் தவறுதான் காரணமாக இருக்கும்.

டேட்டாபேஸை புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளயே வச்சிருக்கேன். என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?

உங்கள் கணினியில் நீங்கள் அட்மின், செயலியையும் ஒருவேளை அட்மினாகவே ஓட்டுகிறீர்கள். சாதாரணப் பயனர் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முடியாது. மேனிஃபெஸ்ட் (செயலிக்கு என்ன அனுமதி தேவை போன்றவற்றை விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் செயலி என்றால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது: எழுத மறுக்காமல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஒரே கணினியில் அண்ணன் போட்ட பில் தம்பியின் கணக்கில் தெரியாமல் போவது இதனால்தான்.

செயலி ஓர் இடத்தில், தரவு வேறு இடத்தில் இருக்கவேண்டும். ஒரு பயனருக்கான தரவு ஆப்டேட்டாவில் போகட்டும். எல்லோருக்கும் பொதுவானது என்றால் புரோகிராம்டேட்டாவில் உங்களுக்கென ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்கு எழுதும் அனுமதியை நிறுவும்போதே கொடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் டேட்டாபேஸைப் போடாதீர்கள். பல கணினிகளில் அது ஒன்டிரைவோடு இணைந்திருக்கிறது. திறந்திருக்கும் டேட்டாபேஸை இன்னொரு நிரல் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருப்பது நல்லதில்லை.

'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி'ன்னு நீலக் கட்டம் வருது. பயந்துட்டு மூடிடறாங்க. ஏன் வருது?

அது ஸ்மார்ட்ஸ்கிரீன். பிரௌசரில் டவுன்லோட் ஆகும் கோப்போடு, இது இணையத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குறிப்புள்ள செயலியை முதன்முறை திறக்கும்போது விண்டோஸ் அதன் நற்பெயரை மைக்ரோசாஃப்டிடம் கேட்கிறது. கேள்விப்படாத கோப்பு என்றால் நீலக் கட்டம் வரும். உங்கள் செயலியில் வைரஸ் இருக்கிறது என்று அதற்குப் பொருள் கிடையாது. இது யார், எவர் என்று இன்னும் தெரியவில்லை என்பதுதான்.

கையொப்பம் இல்லாத கோப்பின் நற்பெயர் அந்தக் கோப்போடு முடிந்துவிடும். ஓர் எழுத்தை மாற்றிப் புதிதாகக் கட்டினாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். வாரம் ஒரு பதிப்பு விடுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் ஓயாமல் வருவதன் காரணம் இது.

சர்டிஃபிகேட் வாங்கி சைன் பண்ணினா அந்த எச்சரிக்கை போயிடுமா?

உடனே போகாது. நற்பெயர் கோப்போடு நிற்காமல் உங்கள் கையொப்பத்தின் மேல் சேரத் தொடங்கும், அதனால் பதிப்புக்குப் பதிப்பு நிலைமை மேம்படும். முன்பு விலை அதிகமான, நிறுவனத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தரும் இவி வகைச் சான்றிதழ் வாங்கினால் முதல் நாளே எச்சரிக்கை வராது. 2024-இல் மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. ஸ்மார்ட்ஸ்கிரீனுக்காக மட்டும் இவி வாங்காதீர்கள்.

2023 ஜூன் 1 முதல் எந்த வகைச் சான்றிதழானாலும் அதன் தனிச்சாவி (கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவி) பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்கவேண்டும். யுஎஸ்பி டோக்கன் தருவார்கள், அல்லது மேகத்தில் கையொப்பமிடும் சேவை தருவார்கள். திறமூலத் திட்டமாக இருந்தால் சைன்பாத் ஃபவுண்டேஷன் இலவசமாகக் கையொப்பமிட்டுத் தருகிறது. வெளியீட்டாளர் பெயராக அவர்கள் பெயர் தெரியும்.

கையொப்பமிடும்போது நேரமுத்திரை (எப்போது கையொப்பமிட்டது என்ற பதிவு) சேர்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். அது இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த இன்ஸ்டாலர்கள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடும். இன்ஸ்டாலரை மட்டும் கையொப்பமிட்டு நிறுத்தாமல், உள்ளே போகும் செயலியையும் நீக்கும் நிரலையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.

பென்டிரைவ்ல கொடுத்தா எச்சரிக்கை வரல. அப்படியே கொடுத்துடலாமா?

இணையத்திலிருந்து வந்தது என்று மேலே சொன்ன குறிப்பு, விண்டோஸ் வட்டுகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவ டிரைவில்தான் கோப்போடு தங்கும். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருப்பதால் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. நேரில் போய் நிறுவித் தருவதற்கு அது சரி. விநியோக வழியாக அதை வைக்காதீர்கள். கை மாறிக் கை மாறி வரும் கோப்பை இடையில் யார் தொட்டார் என்று பயனருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆன்டிவைரஸ் என் செயலியை வைரஸ்னு சொல்லி அழிச்சிடுது. என்ன செய்ய?

ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவச் சொல்லும் வழிகாட்டிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். திரும்ப ஆன் செய்ய மறந்த கணினியில் அடுத்து நுழைவதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

காரணத்தைத் தேடுங்கள். பைத்தான் செயலியைப் பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் அது ஓடும்போது தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக்கொள்கிறது. தீய நிரல்களும் அப்படியே செய்வதால் சந்தேகம் வருகிறது. ஃபோல்டர் வடிவில் கட்டி, அதை இன்னோவில் அடைத்துக் கொடுங்கள். செயலிக் கோப்பைச் சுருக்கும் யுபிஎக்ஸ் கருவியை நிறுத்துங்கள். அதன் பிறகும் வந்தால் தவறான அறிவிப்பு என்று மைக்ரோசாஃப்டின் தளத்திலும் அந்தந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்திடமும் கோப்பைச் சமர்ப்பிக்கலாம், திருத்துகிறார்கள்.

'விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை'ன்னு வருது. என் கம்ப்யூட்டர்ல வரலையே?

விஷுவல் ஸ்டுடியோ உங்கள் கணினியில் இருப்பதால் அந்தக் கோப்பும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம் பொதியை (செயலிகள் ஓடத் தேவையான பொதுக் கோப்புகள்) கூடவே நிறுவலாம். 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே பொதி போதும். ஆனால் அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், அப்போது நாலாவது கேள்வியில் கிடைத்த நன்மை போய்விடும். தேவையான டிஎல்எல்களைச் செயலியின் பக்கத்திலேயே வைப்பது அனுமதிக்கப்பட்ட வழி. விண்டோஸ் 10 முதல் அடிப்படை சி ரன்டைம் உள்ளேயே இருப்பதால் சில கோப்புகள்தான் ஆகும். அவற்றைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு.

பொதி இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு புதியது என்றும் பார்க்கவேண்டும். விஷுவல் ஸ்டுடியோ 2022-இன் 17.10 பதிப்பில் கட்டப்பட்ட சில செயலிகள், அந்தப் பொதியின் பழைய எம்எஸ்விசிபி140 கோப்பு இருந்த கணினிகளில் திறந்தவுடன் விழுந்தன. டாட்நெட் செயலி என்றால் ரன்டைமையும் உள்ளடக்கிக் கட்டும் வழி இருக்கிறது. அளவு பெருத்தாலும் இந்த மாதிரிக் கணினிகளுக்கு அதுவே நிம்மதி.

யூசர் பேரைத் தமிழ்ல வச்சிருந்தா செயலி திறக்கவே மாட்டேங்குது. ஏன்?

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய கணினியில் பயனர் ஃபோல்டர் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தில் அமைகிறது, அதனால் சிக்கல் வெளியே தெரிவதில்லை. உள்ளூர்க் கணக்கைத் தமிழில் தொடங்கினால் ஃபோல்டர் பெயரும் தமிழ்தான். ஆப்டேட்டா, தற்காலிக ஃபோல்டர் இரண்டும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி கோட்பேஜ் (விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது. பழைய ஆன்சி வழியில் பாதையைப் படிக்கும் செயலிக்குத் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்து சேரும். கேள்விக்குறி உள்ள பாதையை விண்டோஸ் திறக்காது. இன்ஸ்டாலரே ஆன்சி என்றால் பிரிவதற்கு முன்பே நின்றுவிடும்.

இன்னோ 6 முழுக்க யூனிகோடு. என்எஸ்ஐஎஸ் 3-இல் யூனிகோடைத் தெளிவாக இயக்குங்கள். செயலியில் அகல எழுத்து ஏபிஐகளை (யூனிகோடு பாதைகளை ஏற்கும் விண்டோஸ் அழைப்புகள்) பயன்படுத்துங்கள். அல்லது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், மேனிஃபெஸ்டில் செயல்படும் கோட்பேஜ் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். பாதைகளை மேற்கோள் குறிக்குள் அனுப்ப மறக்காதீர்கள், பெயரில் இடைவெளி இருக்கும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், என்டிஎஃப்எஸ்ஸுக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். கோப்புப் பெயரை நீங்களே மீண்டும் உருவாக்கி ஒப்பிடாமல், விண்டோஸ் தந்த பாதையை அப்படியே பயன்படுத்துங்கள். தமிழில் எழுதும் நாமே தமிழ்ப் பெயரில் விழும் செயலியைக் கொடுக்கக் கூடாது. சோதனைக்கு ஒரு தமிழ்க் கணக்கு எப்போதும் வைத்திருங்கள்.

அப்பா அட்மின், பொண்ணுக்குச் சாதா அக்கவுண்ட். அப்பா பாஸ்வேர்டு போட்டு இன்ஸ்டால் பண்ணார். பொண்ணு திறந்தா செட்டிங்ஸ் எதுவும் இல்ல. எப்படி?

மகளின் கணக்கில் தொடங்கினாலும், அப்பாவின் பாஸ்வேர்டு விழுந்த நொடியிலிருந்து இன்ஸ்டாலர் அப்பாவாகத்தான் ஓடுகிறது. ஆப்டேட்டா என்று அது எழுதியது அப்பாவின் ஆப்டேட்டாவில், பயனர் ரெஜிஸ்ட்ரி என்று எழுதியது அப்பாவின் ரெஜிஸ்ட்ரியில். உங்கள் கணினியில் நீங்களே அட்மின் என்பதால் இது ஒருபோதும் தெரியாது.

அட்மின் அனுமதியோடு ஓடும் இன்ஸ்டாலர் பொது இடங்களில் மட்டும் எழுதட்டும். பயனருக்கான அமைப்புகளைச் செயலி முதன்முறை திறக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்ளட்டும். நிறுவி முடித்ததும் செயலியைத் திறக்கும் வசதி வைத்தால், தொடங்கிய பயனரின் பெயரிலேயே திறக்கும்படி வையுங்கள். இன்னோவில் அதற்கு ஒரு கொடி, அதாவது ஸ்கிரிப்டில் சேர்க்கும் அமைப்புச் சொல், உண்டு. இல்லையென்றால் முதல் ஓட்டமே அப்பாவின் பெயரில் நடந்துவிடும்.

புது வெர்ஷன் போட்டா பழசும் லிஸ்ட்ல நிக்குது. ரெண்டு ரெண்டா தெரியுது.

இன்னோவில் செயலி அடையாளம் என்ற மதிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடாது. அது மாறாமலே இரட்டையாகத் தெரிந்தால், பழையது அட்மினாகவும் புதியது பயனர் அளவிலும் நிறுவப்பட்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் பதிவாவதால் ஒன்றை ஒன்று அறியாது. பழையதைத் தேடி நீக்கச் சொல்லும் படியை அந்த ஒரு பதிப்பில் சேர்க்கவேண்டும்.

எம்எஸ்ஐயில் அப்கிரேடு கோடு (பதிப்புகள் ஒரே செயலியுடையவை என்று காட்டும் அடையாளம்) மாறாமல் இருக்கவேண்டும். பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒப்பிடும். 2.1.0.5-க்கு மேல் 2.1.0.6 விட்டால் இரண்டும் ஒரே பதிப்பு என்றே நினைத்துக்கொள்ளும்.

தானா அப்டேட் ஆகற மாதிரி வைக்கலாமா?

வைக்கவேண்டும். இந்தக் கணினிகளில் பாதுகாப்புத் திருத்தம் போய்ச் சேர வேறு வழி இல்லை. ஆனால் அது உங்கள் பயனர் எல்லோருடைய கணினியிலும் நிரல் ஓட்டும் உரிமை என்பதை மறக்காதீர்கள். ஹெச்டிடிபிஎஸ் வழியாக இறக்கினால் மட்டும் போதாது. இறங்கிய கோப்பின் கையொப்பம் உங்களுடையதுதானா என்று சரிபார்த்த பிறகே ஓட்டவேண்டும். நோட்பேட்++ என்ற எழுத்துத் திருத்தியின் பயனர்கள் சிலரின் அப்டேட் போக்குவரத்து 2025-இல் வேறு பக்கம் திருப்பப்பட்டது. அதன் பிறகு அந்தத் திட்டம் இந்தச் சரிபார்ப்பை இறுக்கியது. பயனர் அளவில் நிறுவியிருந்தால் அப்டேட்டுக்கும் பாஸ்வேர்டு தேவைப்படாது.

அன்இன்ஸ்டால் பண்ணும்போது டேட்டாவையும் அழிச்சிடணுமா?

கேட்காமல் அழிக்காதீர்கள். ஏதோ சிக்கல் என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களே அதிகம், அவர்களின் மூன்று வருடக் கணக்கு அதில் இருக்கும். தரவை வைத்துக்கொள்வதை இயல்பாக வைத்து, அழிக்க விரும்புகிறவருக்குத் தேர்வு கொடுங்கள். மற்றதெல்லாம் போகவேண்டும்: ஷார்ட்கட், சர்வீஸ், திட்டமிட்ட பணி, கோப்பு வகைப் பதிவு எதுவும் மிஞ்சக்கூடாது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்து ஓட்டினா ஆபத்துன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. ஒரு செயலி டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் தான் இருக்கும் ஃபோல்டரில் பார்ப்பது விண்டோஸின் வழக்கம். டவுன்லோட்ஸில் ஏற்கெனவே தீய டிஎல்எல் ஒன்று சரியான பெயரில் கிடந்தால், அட்மின் அனுமதி பெற்ற உங்கள் இன்ஸ்டாலர் அதையும் சேர்த்து ஏற்றிவிடலாம். இன்னோவும் என்எஸ்ஐஎஸ்ஸும் இதற்கெதிரான காப்புகளைச் சேர்த்திருக்கின்றன, ஆகவே கருவியின் புதிய பதிப்பில் கட்டுங்கள். சொந்தமாக எழுதிய லாஞ்சர் என்றால் டிஎல்எல் தேடும் இடங்களைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துங்கள்.

விண்டோஸ் 7, 32 பிட், ஏஆர்எம் எல்லாத்துக்கும் கொடுக்கணுமா?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்தன. ஆனாலும் 10 இன்னும் ஏராளமான வீடுகளில் ஓடுகிறது, அதைக் கைவிடாதீர்கள். 7-ஐ உங்கள் கருவிகளே கைவிட்டிருக்கலாம்: பைத்தான் 3.9 முதலும் எலெக்ட்ரான் 23 முதலும் அதில் ஓடாது. ஓடாத கணினியில் நிறுவவிட்டுப் பிறகு விழ வைக்காமல், தொடக்கத்திலேயே காரணத்தைத் தமிழில் சொல்லி நிறுத்துங்கள். ஏஆர்எம் வகைச் சிப் உள்ள கணினியில் விண்டோஸ் 11 சாதாரண 64 பிட் செயலிகளை ஓட்டிவிடும். டிரைவர்களை மட்டும் ஏஆர்எம்முக்கெனத் தனியாகக் கட்டவேண்டும்.

மேக்குக்கு இதெல்லாம் வேண்டாமாமே?

வேண்டும். மேக்ஓஎஸ் கேட்டலினா முதல், வெளியிலிருந்து இறக்கும் செயலி ஆப்பிளின் நோட்டரைசேஷன் (ஆப்பிள் சரிபார்த்துத் தரும் ஒப்புதல்) பெற்றிருக்கவேண்டும். அதற்கான டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர். ரைட் கிளிக் செய்து திறக்கும் குறுக்குவழியும் 2024-இல் மேக்ஓஎஸ் செக்கோயாவோடு போய்விட்டது.

வெளியிடறதுக்கு முன்னாடி எதுல டெஸ்ட் பண்றது?

உங்கள் கணினியில் மட்டும் சோதிக்காதீர்கள். விண்டோஸ் புரோ இருந்தால் சாண்ட்பாக்ஸ் (தனித்து ஓடும் சோதனை விண்டோஸ்) ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாகத் திறக்கும். ரன்டைம் கோப்பு விடுபட்டது உடனே தெரிந்துவிடும். ஆனால் அதன் பயனர் அட்மின், அதனால் அப்பா-மகள் சிக்கல் அதில் சிக்காது. ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) சாதாரணக் கணக்கு ஒன்று, தமிழ்ப் பெயர்க் கணக்கு ஒன்று வைத்து, முந்தைய பதிப்பை நிறுவி, தரவு சேர்த்து, அதன் மேல் புதியதை ஏற்றிப் பாருங்கள். கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைக்காமல் பிரௌசரில் இறக்கி ஓட்டுங்கள், அப்போதுதான் பயனர் பார்ப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.

'இன்ஸ்டால் ஆகலை'ன்னு மட்டும் சொல்றாங்க. வேற எதுவும் சொல்லத் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவர்களுக்குச் சொல்லத் தெரியவேண்டிய அவசியமில்லை, இன்ஸ்டாலருக்குத் தெரிந்தால் போதும். இன்னோவில் நடந்ததைக் குறிக்கும் பதிவேட்டை எப்போதும் எழுதும்படி அமைக்கலாம், அது பயனரின் தற்காலிக ஃபோல்டரில் 'செட்டப் லாக்' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். எம்எஸ்ஐக்கும் பதிவேடு எழுதச் சொல்லும் கட்டளை உண்டு. பிழைச் செய்தியில் அந்தக் கோப்பின் இடத்தைக் காட்டி, திறக்கும் பொத்தான் ஒன்று வையுங்கள். முடியாதவர்களிடம் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்காகவே ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் கொடுத்து, பதிப்பு எண்ணோடு சேர்த்துப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். மங்கலான படத்திலும் அது படிக்கும்படி இருக்கவேண்டும்.